தள்ளுபடிக் கடைக்குப் பட்டுச் சேலையா?

ஆடி பிறந்தால் துணிக்கடைகளில் தள்ளுபடி! மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் இருந்தும் குடும்பம் குடும்பமாகப் பஸ் ஏறுகிறார்கள். புதுச்சேரி நேரு வீதி சுமார் 35 கிலோமீட்டர். சென்னை தியாகராய நகர் 100 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலையில் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். அவ்வளவு நேரமும் உடம்பில் இருக்கப்போவது ஒரே உடை.

அங்கேதான் பல பெண்கள் தவறிப் போகிறார்கள். பெட்டியைத் திறந்து பட்டுச் சேலையை எடுக்கிறார்கள். "பழைய சேலையில் போனால் கடையில் மதிப்பார்களா?" என்று கவலை!

இந்தக் கவலையைக் கேலி செய்யக்கூடாது. மீன் விற்ற காசோடும், உப்பளக் கூலியோடும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைகிறவர்களுக்கு அந்தக் கூச்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் தள்ளுபடிக் கூட்டத்தில் துணி எடுத்துப் போடும் பையனுக்கு யார் சேலையையும் பார்க்க நேரம் ஏது? பட்டு உடுத்தியவருக்கும் நூல் சேலைக்காரிக்கும் பில் ஒன்றுதான்.

உப்பளத்துப் பெண்கள்

வெயிலுக்கு எப்படி உடுத்துவது என்று மரக்காணம் உப்பளத்துப் பெண்களைக் கேட்கலாம். சேலைக்கு மேல் தொளதொளவென்று ஓர் ஆண் சட்டை. தலையில் துணி. மேலே சூரியன், கீழே கண்ணைக் கூசும் வெள்ளை உப்பு. இரண்டையும் அந்த உடை தாங்குகிறது.

கடைக்குச் சட்டை போட்டுக்கொண்டு போகவேண்டாம். தளர்வான, லேசான நூல் சேலையோ சுடிதாரோ போதும். பருத்தி வியர்வையை உறிஞ்சும். காற்றை உள்ளே விடும். பாலியஸ்டர் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஆடி மாதத்திலும் கடலோரப் புழுக்கம் குறைவதில்லை.

சேலையை இரண்டு விரல் உயர்த்திக் கட்டுங்கள். கொசுவத்துக்கும் முந்தானைக்கும் ஊக்கு குத்துங்கள். பெரிய கடைகளில் நகரும் படிக்கட்டு இருக்கிறது. தரையைத் தொடும் சேலை அதன் இடுக்கில் சிக்கினால் ஆபத்து! குழந்தைகள் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பும் அப்படியே. படியில் ஏறும்போது குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு மீன்காரப் பெண்களின் வழியே வழி. இடுப்பில் செருகிய சுருக்குப்பை! தோளில் தொங்கும் பையைவிட அது பத்திரம். ஆண்கள் சட்டைப் பையில் பணம் வைக்கவேண்டாம்.

நகை? தாலிச் சங்கிலி தவிர மற்றதை வீட்டில் வையுங்கள். தீபாவளி நெரிசலில் தியாகராய நகரில் போலீசாரே பெண்களுக்குக் கழுத்தை மூடிக்கொள்ளத் துணி கொடுத்தது உண்டு. குழந்தைகளின் கையில் பெற்றோர் டெலிபோன் எண் எழுதிய பட்டையும் கட்டிவிட்டார்கள். அதை வீட்டிலேயே செய்துகொண்டு போகலாமே!

குழந்தைக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை நல்லது. புதுத் துணியை அளவு பார்க்கும்போது அழுகை குறையும்.

கடைசியாகக் கால். மாம்பலம் ரெயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023-ல் திறந்த நடைமேம்பாலம் மட்டுமே 500 மீட்டருக்கு மேல். நாளெல்லாம் நின்றால் கால் வீங்கும். பழகிய, பட்டை வைத்த, தட்டையான செருப்பே ஏற்றது. தள்ளுபடியில் புதுச் செருப்பு வாங்கினாலும் அங்கேயே மாட்டிக்கொண்டு பழையதை எறிந்துவிடாதீர்கள். பஸ் நிலையம் வரை இன்னும் நடக்கவேண்டும்!