கடைசி ரீலில் கவிழ்ந்த கதைகள்

இரண்டரை மணி நேரம் படம் பிரமாதமாகப் போய்க் கொண்டிருக்கும். பக்கத்து சீட்டுக்காரி கையில் எடுத்த முறுக்கைக் கடிக்கவும் மறந்து திரையையே பார்த்துக் கொண்டிருப்பாள். கடைசி ரீல் ஓட ஆரம்பித்ததும், அதுவரை கதையில் தலையே காட்டாத ஒருவன் கத்தியோடு வருவான். இல்லாவிட்டால் ஒரு லாரி வரும். அதுவும் இல்லாவிட்டால், நேற்று வரை கல்லுக் குண்டு மாதிரி இருந்த கதாநாயகி திடீரென்று இருமுவாள், கைக்குட்டையில் ரத்தம்! மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வரும் பெண்கள் கூட்டத்தில் ஒரே பேச்சுதான் காதில் விழும். "நல்லாத்தானேடி போச்சு... கடைசியில ஏன் இப்படிப் பண்ணித் தொலைச்சான்?"

படம் சோகமாக முடிந்துவிட்டதே என்பதற்காகவா இந்தக் கோபம்? அப்படித் தோன்றவில்லை. அழுவதற்கென்றே டிக்கெட் வாங்கிப் போகிறவர்கள்தானே நாம்! கதை நம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்டு, இரண்டு மணி நேரம் நம்மையும் யோசிக்க வைத்துவிட்டு, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் எழுந்து ஓடிவிடுகிறது பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

(இனி வரும் பத்திகளில் பல படங்களின் முடிவைப் போட்டு உடைக்கப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்!)

திருப்பம் என்றாலே குற்றமில்லை. 1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டே கிடையாது. யுத்த காலத்துச் சென்னை. வானொலி இன்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். யார் சுட்டது? தம்பியா, தம்பி மனைவியா, பக்கத்து வீட்டுக்காரரா, நாட்டியக்காரியா என்று ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுக் கடைசியில் பார்த்தால், சுட்டது மனைவி உஷா! தேசத்தை ஜப்பானுக்குக் காட்டிக் கொடுக்கும் கணவனைத் தாலி கட்டிக்கொண்டவளே சுட்டுவிடுகிறாள். 1954-ல்! பார்க்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனாலும் ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் உஷா கல்லூரியில் படிக்கிற காலத்திலிருந்தே தேசம் தேசம் என்று உருகுகிறவள் என்பதை முன்பே காட்டியாகிவிட்டது. நாம்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

'புதிய பறவை' (1964) அப்படித்தான். சரோஜாதேவி போலீஸ்காரி என்று தெரியும்போது சிவாஜி மட்டுமா அதிர்ந்து போகிறார்? இரண்டாவது தடவை பார்க்கும்போது, அந்தப் பெண் முதலிலிருந்தே துருவித் துருவிக் கேள்வி கேட்பது நமக்குப் புரியும். நல்ல திருப்பம் உள்ள படத்தை இரண்டாவது தடவை பார்ப்பதுதான் ருசி. பின்னலைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி, எந்த இழை எங்கே நுழைந்தது என்று தெரியும்.

இப்போது கெட்டுப் போனவற்றுக்கு வருவோம்.

டாக்டர் ஏன் இறந்தார்?

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962). படத்தின் பெரும்பகுதி ஒரு ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. முன்னாள் காதலன் டாக்டர்; நோயாளி அவளுடைய கணவன்; நடுவில் தேவிகா. "நான் பிழைக்காவிட்டால் நீ அந்த டாக்டரையே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்" என்று கணவனே மனைவியிடம் கேட்கிறான். அறுபத்திரண்டாம் வருஷம் தமிழ்ப் படத்தில் இப்படி ஒரு புருஷன்! அவளுக்கோ அதைக் கேட்கவே காது கூசுகிறது. டாக்டருக்கோ, 'இவனைப் பிழைக்க வைக்காமல் விட்டால் உலகம் என்ன சொல்லும்' என்கிற தவிப்பு. மூன்று பேருமே நல்லவர்கள். வில்லன் இல்லாமலேயே நெஞ்சைப் பிசைகிற கதை.

ஆபரேஷன் ஜெயிக்கிறது. கணவன் பிழைக்கிறான். டாக்டர் செத்துப் போகிறார்.

ஏன்? ராப்பகலாக ஊண் உறக்கம் இல்லாமல் உழைத்த களைப்பு என்று காரணம் சொல்லலாம். நிஜக் காரணம் வேறு. அவர் உயிரோடு இருந்தால் அந்தப் புருஷனும் பெண்சாதியும் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பார்கள்? நன்றி சொல்லிவிட்டு ஊருக்குப் போவார்களா? தீபாவளிக்குக் கடிதம் போடுவார்களா? நம் தெருவில் எத்தனை பெண்கள் பழைய ஞாபகம் ஒன்றை உள்ளே பூட்டி வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறார்கள்! அந்தச் சங்கடத்தோடு மூவரும் வாழ்வதைக் காட்டியிருந்தால் படம் இன்னும் எங்கேயோ போயிருக்கும். இந்தியில் 'தில் ஏக் மந்திர்' என்று எடுத்தபோதும் பாவம், அந்த டாக்டருக்கு விமோசனம் கிடைக்கவில்லை.

குடிகாரன் திருந்தியது போதாதா?

கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை'யை (1974) வேலைக்குப் போகிற பெண்கள் இன்றைக்கும் தங்கள் கதை என்பார்கள். அப்பா குடும்பத்தை உதறிவிட்டுப் போனவர். குடிகார அண்ணன், அவன் பெண்டாட்டி பிள்ளைகள், விதவைத் தங்கை, கண் தெரியாத தம்பி... அத்தனை வயிறும் கவிதாவின் ஒரே சம்பளத்தில் நிறைய வேண்டும். சுஜாதாவின் அந்தச் சிடுசிடுப்பை மறக்க முடியுமா? தியாகச் சுடர் என்று பூமாலை போடாமல், எரிச்சலும் கத்தலுமாக ஒரு பெண்ணைக் காட்டினாரே, அதற்கே அவருக்கு ஒரு நமஸ்காரம்.

ஒருவழியாக அண்ணனுக்குப் புத்தி வருகிறது. 'குடும்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று நிற்கிறான். கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. முகூர்த்த நாளிலேயே அண்ணன் கொலையாகிறான். கவிதா தன் இடத்தில் தங்கையை மணையில் உட்கார வைத்துவிட்டு மறுபடி வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள்.

தொடர்கதை என்று பெயர் வைத்தாகிவிட்டது, முடிக்க முடியாதுதான். ஆனால் அதற்கு ஒரு கொலைகாரன் எதற்கு? அந்த அண்ணன் மறுபடி பாட்டிலை எடுத்திருந்தால் போதாதா? நிறுத்திவிட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, ஆறாம் மாதம் மறுபடி கடை வாசலில் நிற்கிற ஆண்களைத் தெருவுக்கு நாலு பேர் பார்க்கிறோம். அவன் தன் காலாலேயே வழுக்கி விழுந்திருந்தால் கவிதாவின் தலையில் விழுந்த பாரம் அந்த வீட்டிலிருந்தே வந்ததாக இருந்திருக்கும். கத்திக்குத்தில் செத்ததால் அவன் தியாகியாகிவிட்டான். பழி விதியின் மேல் போய்விட்டது. அந்த வீட்டு மனிதர்கள் தப்பித்துக்கொண்டார்கள்.

வெடிகுண்டுக்கு முன் டி.வி.யை அணைக்கும் மாமி

என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்றம், அதே பாலசந்தர் 1986 தீபாவளிக்குக் கொடுத்த 'புன்னகை மன்னன்'.

ஆரம்பமே நெஞ்சைப் பதற வைக்கும். காதலுக்குப் பெற்றவர்கள் குறுக்கே நிற்க, சேதுவும் ரஞ்சனியும் அருவி உச்சியிலிருந்து குதிக்கிறார்கள். அவள் போய்விடுகிறாள். அவன் மரக்கிளையில் சிக்கிப் பிழைத்துவிடுகிறான். மற்ற படங்கள் முடிகிற இடத்தில் இது ஆரம்பிக்கிறது! செத்திருக்க வேண்டியவன் எப்படி வாழ்வது? சிறைக்குப் போய் வந்து, டான்ஸ் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, சிரிப்பையே மறந்து திரிகிறவனிடம் மாலினி வருகிறாள். சிங்களப் பெண். ரேவதியின் துறுதுறுப்பு! கொஞ்சம் கொஞ்சமாக அவன் மனசு இளகுகிறது. செத்தவளுக்குத் துரோகமா என்கிற குற்ற உணர்ச்சி, இரண்டு பக்கத்து வீட்டு எதிர்ப்பு, தமிழர் - சிங்களர் பகை... இத்தனையையும் தாண்டி இரண்டு பேரும் கைகோக்கிறார்கள்.

அப்புறம் அவர்கள் போகும் காரில் ஒரு வெடிகுண்டு வெடிக்கிறது. இரண்டு பேரும் சாம்பல்.

இனப்பகையை வைத்திருக்கிறாரே, குண்டு திடீரென்று வானத்திலிருந்து விழவில்லையே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வாஸ்தவம்தான், சூழ்ச்சிக்குச் சில காட்சிகள் முன்னால் வருகின்றன. ஆனால் படம் நம்மிடம் கேட்ட கேள்வி இலங்கைப் பிரச்னை அல்லவே! 'ஒரு தடவை எல்லாம் முடிந்துபோனதென்று மலையேறியவன் மறுபடி வாழலாமா?' என்பதுதான் கேள்வி. வாழலாம், வாழ வேண்டும் என்று இரண்டு மணி நேரம் நம்ப வைத்துவிட்டு, அந்த நம்பிக்கையையே குண்டு வைத்துத் தகர்த்தால் எப்படி? காதல் தோற்று, பரீட்சை தோற்று, 'எனக்கு இனிமே என்ன இருக்கு' என்று மூலையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணுக்கு இந்தப் படத்தின் முதல் இரண்டு மணி நேரத்தைப் போட்டுக் காட்டலாம். கடைசிப் பத்து நிமிஷத்தைக் காட்ட முடியுமா?

எங்கள் அடுத்த வீட்டு மாமி ஒருத்தர், டி.வி.யில் எப்போது இந்தப் படம் போட்டாலும் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்ததும் பட்டென்று அணைத்துவிடுவார். "பாட்டி, படம் இன்னும் முடியலை" என்று பேத்தி கத்துவாள். "முடிஞ்சாச்சுடி. அவா ரெண்டு பேரும் நன்னா இருக்கா. நீ போய்ப் படி!"

மாமியைவிட நல்ல எடிட்டர் கிடைப்பது கஷ்டம்.

பாலசந்தரின் தெலுங்குப் படம் 'மரோ சரித்ரா' (1978) மொழி மாற்றாமலே சென்னையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு வருஷம் பார்க்காமல் பேசாமல் பிரிந்திருக்க வேண்டும் என்று பெரியவர்கள் போட்ட நிபந்தனையை இரண்டு இளசுகளும் நிறைவேற்றுகிறார்கள். பரீட்சையில் பாஸ்! உடனே அந்தப் பெண் சீரழிக்கப்பட, இருவரும் சாகிறார்கள். இந்தியில் 'ஏக் துஜே கே லியே' (1981) என்று எடுத்தபோதும் அதே கதி. பெற்றவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார்களா என்று பார்க்க வந்தோம். அவர்கள் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

முப்பது வருஷம் கழித்து, 2007-ல், அமீரின் 'பருத்திவீரன்'. இதை அத்தனை சுலபமாகத் தள்ளிவிட முடியாது. முத்தழகுக்கு நேரும் கொடுமைக்கு இழை முன்பே கோக்கப்பட்டிருக்கிறது. வீரன் கூத்தடித்த சகவாசமே திரும்பி வந்து கடிக்கிறது. சரி, பாவம் செய்தவன் அவன். தண்டனை ஏன் அவள் உடம்பில் விழ வேண்டும்? அப்பனிடம் அடிபட்டு உதைபட்டும் 'அவனைத்தான் கட்டுவேன்' என்று நின்றவள் அவள். அந்தச் சண்டைக்காரி கடைசியில், தனக்கு நேர்ந்தது ஊருக்குத் தெரியக் கூடாது, என்னைக் கண்டம் துண்டமாக வெட்டிப் போட்டுவிடு என்று கெஞ்சுகிறாள். பிரியாமணிக்கு தேசிய விருது வாங்கித் தந்த நடிப்பு, வாங்கியது நியாயமே. ஆனால் நாம் பார்த்துக்கொண்டு வந்த முத்தழகு அப்படிக் கேட்பாளா? ஜாதியை விட்டு அவள் அப்பன் இறங்கி வருவானா என்ற கேள்வியும் அவளோடு சேர்ந்து செத்துப் போகிறது.

சோக முடிவே கூடாதென்றால் 'மூன்றாம் பிறை'யை (1982) என்ன செய்வது? குழந்தைபோல் வைத்துப் பார்த்துக்கொண்டவனை, நினைவு திரும்பிய விஜி அடையாளம் தெரியாமல் ரயிலில் இருந்து பிச்சைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். அவளைச் சிரிக்க வைத்த பழைய குரங்குச் சேஷ்டைகளை எல்லாம் மழையில் செய்து காட்டுகிறான். யாரும் சாகவில்லை. குண்டு இல்லை, கத்தி இல்லை. அவள் குணமானால் இவனை மறந்துதானே ஆக வேண்டும்? முதல் ரீலிலேயே அது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தெரிந்தும் நாம் நினைத்துப் பார்க்கவில்லை.

இத்தனை திட்டிவிட்டு பாலசந்தருக்கு ஒரு நியாயம் செய்யாமல் போகக் கூடாது. 'அவர்கள்' (1977) அவர் படம்தானே! கொடுமைக்காரக் கணவனிடமிருந்து விவாகரத்து வாங்கி, கைக்குழந்தையோடு வேலை பார்க்கிற அனு. பழைய காதலன் ஒரு பக்கம். மனசுக்குள் நேசத்தை வைத்துக்கொண்டு பொம்மையைப் பேச வைக்கிற ஜனார்த்தனன் ஒரு பக்கம். திருந்திவிட்டேன் என்று வந்து நிற்கும் கணவன் மூன்றாவது பக்கம். இவளை யாரிடம் ஒப்படைக்கப் போகிறார் என்று தியேட்டரே பந்தயம் கட்டியிருக்கும். யாரையும் சாகடிக்காமல் அவளை ரயில் ஏற்றுகிறார். மகன் செய்த கொடுமைக்குப் பரிகாரம் போல மருமகளுக்கு ஊழியம் செய்துவந்த அந்த மாமியார், பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு, அதே ரயிலில் அவளோடு உட்கார்ந்து கொள்கிறாள்.