பேருருப் பீரங்கி வண்டிகளும் நிலத்தின் தாங்குதிறனும்

ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமா நகரிலிருந்து வடக்கே செல்லும் சாலையில் ரம்ஸ் ஊரைத் தாண்டினால், பேரீச்சந் தோப்புகளுக்கு அப்பால் தாயாக் குன்று எழுந்து நிற்கிறது. அதன் உச்சியில் சிறு கோட்டை ஒன்று உண்டு. 1819 டிசம்பரில் மேஜர் ஜெனரல் வில்லியம் கெயர் கிராண்டின் தலைமையில் பம்பாயிலிருந்து வந்த ஆங்கிலப் படை ராஸ் அல் கைமாவைக் கைப்பற்றியபின், ரம்ஸ் தலைவர் உசைன் பின் அலி தம் மக்களோடு இக்கோட்டைக்குள் புகுந்து எதிர்த்து நின்றார். கோட்டை பணியவில்லை. ஆகவே, லிவர்பூல் என்னும் போர்க்கப்பலிலிருந்து 24 பவுண்டுக் குண்டெறியும் பீரங்கிகள் இரண்டைக் கரையிறக்கினார்கள். குழல் மட்டுமே ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல். கரைக்கும் குன்றுக்கும் இடையே மூன்று மைல்; வழியெல்லாம் அலையாத்திச் சேறு. டிசம்பர் 22 அன்று அவை முழங்கின. இரண்டு மணி நேரத்தில் கோட்டை வீழ்ந்தது. ஆனால் அந்த இரு குழல்களையும் சேற்றின் வழியே இழுத்துச் சேர்த்த உழைப்பு இரண்டு மணி நேரத்தில் முடிந்ததன்று.

ஒரு படைக்கலம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை எதிரியைவிட முன்னதாக நிலமே முடிவு செய்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பேரரசுகள் இரும்பையும் அறிவையும் மனித உழைப்பையும் வாரிக் கொட்டிப் பேருருப் பீரங்கி வண்டிகளைக் கட்டியபோதும் இந்த உண்மை மாறவில்லை. அவ்வண்டிகளின் வரலாற்றை வியப்புக்காகப் படிப்போர் பலர். இயற்பியலுக்காகப் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதன் அடிப்படை கூறப்பட்டுவிட்டது. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகும். கன அளவும் எடையும் எட்டு மடங்காகும். எட்டு மடங்கு எடையை நான்கு மடங்கு பரப்பு தாங்குவதால், தரையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்னைவிட இருமடங்கு சுமக்கிறது. அதாவது, வடிவம் மாறாமல் வளரும் எந்த ஊர்தியும் வளரும் அளவுக்கேற்ப மண்ணை மேலும் மேலும் அழுத்துகிறது.

இதைத் தரையழுத்தம் என்பர். 58.5 டன் எடையுள்ள நம் இந்தியாவின் அர்ஜுன் பீரங்கி வண்டியின் முதல் வகை, அகன்ற சங்கிலித் தடங்களின் துணையால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.85 கிலோ அழுத்தமே தருகிறது. சாலையில் ஓடும் சிற்றுந்தின் சக்கரம் இதைவிட இருமடங்குக்கு மேல் அழுத்துகிறது. சங்கிலித் தடத்தின் சிறப்பு இதுவே. வளைகுடாக் கரையோரத்தில் வாழ்பவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். இங்கே சப்கா எனப்படும் உப்புப் படுகைகள் பரந்து கிடக்கின்றன. நிலத்தடி உப்புநீர் கடும் வெயிலில் ஆவியாகி, மேலே உப்பு ஓடாகப் படிந்து கெட்டிப்படுகிறது. பார்வைக்குச் சிமெண்டுத் தளம் போலிருக்கும். மழையோ கடலேற்றமோ நனைத்துவிட்டால் உப்புப் பிணைப்புக் கரைந்து, மேலோட்டின் வலிமை போய்விடும். கீழே குழைந்த மண்தான். அதே நிலத்தில் ஒட்டகம் தன் அகன்ற பாதத்தை விரித்து நடந்து போகும்; சுமையேற்றிய லாரி அச்சுவரை புதையும்.

நிலத்தை மதியாமல் வளர்ந்த முதற்பெரும் ஊர்தி உருசியாவில் தோன்றியது. நிக்கொலாய் லெபெதென்கோ என்பவர், அகழிகளையும் முள்வேலிகளையும் கடக்கப் பெருஞ்சக்கரமே போதும் என்று நம்பினார். முன்னே 9 மீட்டர் விட்டமுள்ள இரண்டு ஆரக்கால் சக்கரங்கள், பின்னே ஒன்றரை மீட்டர் அளவில் ஓர் உருளை, எடை ஏறத்தாழ 60 டன். காற்றியக்கவியலின் தந்தையருள் ஒருவரான சுக்கோவ்ஸ்கியும், பின்னாளில் பெரும் பொறி வடிவமைப்பாளர்களாகப் புகழ்பெற்ற ஸ்தெச்கின், மிக்குலின் ஆகியோரும் இம்முயற்சியில் பங்கேற்றனர். செருமானிய வான்கப்பலிலிருந்து கைப்பற்றிய மைபாக் பொறிகளைப் பொருத்தினர். 1915 ஆகஸ்டில், மாஸ்கோவுக்கு வடக்கே திமித்ரோவ் அருகே அது ஓட்டிப் பார்க்கப்பட்டது. முன்சக்கரங்கள் மரங்களைச் சாய்த்துக்கொண்டு நகர்ந்தன. பின்னுருளையோ மென்மண்ணில் இறங்கிப் பதிந்தது. பொறிகளால் அதை வெளியே இழுக்க இயலவில்லை. வண்டி அங்கேயே நின்றது. 1923இல் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. அறிஞர் பலர் கூடியிருந்தும் முன்சக்கரத்தின் உயரத்தைக் கணித்த கவனம் பின்னுருளையின் அழுத்தத்தில் செல்லவில்லை.

பிரான்சு நாடு 1921 அளவில் 69 டன் எடையுள்ள சார் 2சி வண்டிகள் பத்தைக் கட்டியது. அவற்றின் முடிவு போர்க்களத்தில் நேரவில்லை. 1940 ஜூனில் இருப்புப்பாதை வழியே கொண்டு செல்லும்போது பாதை அடைபட்டு, படையினரே அவற்றைத் தகர்த்தனர். சோவியத்து ஒன்றியத்தின் டி-35, ஐந்து சுழல்கோபுரங்களைச் சுமந்த 45 டன் வண்டி. கட்டியவை 61. 1941இல் அவற்றுட் பெரும்பாலானவை பகைவர் குண்டால் அழியவில்லை. பழுதாகி வழியிலேயே கைவிடப்பட்டன.

இவ்வரலாற்றின் உச்சம் செருமனியின் மவுஸ். சுண்டெலி என்னும் பொருள்தரும் இப்பெயரைத் தாங்கிய 188 டன் வண்டியை ஃபெர்டினாண்டு போர்ஷே வடிவமைத்தார். 128 மில்லிமீட்டர்ப் பீரங்கியும் அதனருகே 75 மில்லிமீட்டர்ப் பீரங்கியும் ஒரே கோபுரத்தில் அமைந்தன. கவசத்தின் எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். எஃகின் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 7.85 டன். 200 மில்லிமீட்டர்த் தடிமனுள்ள தகட்டில் ஒரு சதுர மீட்டர் மட்டும் 1.57 டன். உள்ளே ஆளும் குண்டும் பொறியும் இருக்கும் இடம் பெருகப் பெருக, அதைச் சுற்றி இத்தகைய தகடு போர்த்த வேண்டிய பரப்பும் பெருகுகிறது.

இவ்வளவு எடையை எவ்விதம் நிலத்தில் நிறுத்துவது? மவுசின் தடங்கள் ஒவ்வொன்றும் 1.1 மீட்டர் அகலம். வண்டியின் மொத்த அகலமே 3.7 மீட்டர்தான், அதற்கு மேல் அகன்றால் இருப்புப்பாதையில் ஏற்ற முடியாது. ஆகவே அடிப்பாகத்தின் பெரும்பங்கைத் தடங்களே விழுங்கிவிட்டன. அப்படியும் தரையழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.45 கிலோ. அர்ஜுன் அளவுக்கு அதைக் குறைக்க வேண்டுமானால், அதே அகலமுள்ள தடங்கள் ஏறத்தாழ பத்து மீட்டர் நீளத்துக்குத் தரையைத் தொட வேண்டும். உண்மையில் தொட்டதோ ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீளத்தை ஏன் கூட்டவில்லை என்று கேட்கலாம். சங்கிலித் தட வண்டி திரும்பும்போது தடங்கள் மண்ணைப் பக்கவாட்டில் உழுது நகர்கின்றன. தொடும் நீளம், இரு தடங்களின் மையக்கோடுகளுக்கு இடையே உள்ள தொலைவைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கைத் தாண்டினால் திரும்புவது பெரும்பாடாகிவிடும். மவுஸ் அவ்வரம்பை முன்பே மீறியிருந்தது. தடத்துக்கொரு மின்னோடி இருந்ததால்தான் அதனால் திரும்ப முடிந்தது. அகலத்தை இருப்புப்பாதை தடுத்தது, நீளத்தைத் திருப்பம் தடுத்தது. எஞ்சியது அழுத்தத்தை ஏற்றுவது ஒன்றே.

திறன் கணக்கும் அப்படியே. ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் மலைச்சாலையை எண்ணிக்கொள்வோம். பத்துக்கு ஒன்று என்னும் சரிவில் மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவில் 188 டன்னை ஏற்ற, உராய்வையும் தடங்களின் இழப்பையும் விட்டுவிட்டாலும் ஏறத்தாழ 1,390 குதிரைத்திறன் வேண்டும். மவுசின் பொறி தந்தது ஏறத்தாழ 1,200. அதே சரிவில் அதே விரைவில் ஏற 58.5 டன் அர்ஜுனுக்கு 430 அளவில் போதும். அதன் பொறியோ 1,400 குதிரைத்திறன் உடையது.

பாலங்கள் தாங்கா என்பதைப் போர்ஷே குழுவினர் அறிந்தே இருந்தனர். அதனால் மவுஸ் ஆற்றின் அடித்தளத்திலேயே ஊர்ந்து கடக்க வேண்டும் என்று திட்டமிட்டனர். ஒரு வண்டி கரையில் நின்று தன் மின்னாக்கியால் மின்சாரம் ஆக்கிக் கம்பிவழி அனுப்பும்; நீருக்குள் இறங்கிய மற்றொன்று அம்மின்சாரத்தில் ஓடும். பின்னர் முறை மாறும். அறிவின் கூர்மை வியக்கத்தக்கது. அது யாருக்குத் தொண்டு செய்தது என்பதை எண்ணும்போது மனம் கசக்கிறது. இரண்டு முன்மாதிரிகள் மட்டுமே ஓடின. 1945இல் சோவியத்துப் படை நெருங்கியபோது கும்மர்ஸ்டோர்ஃபில் இருந்த இரண்டாவது வண்டியைச் செருமானியரே வெடிவைத்துத் தகர்த்தனர். அதன் 55 டன் கோபுரத்தை மட்டும் அப்புறப்படுத்த, கைப்பற்றிய செருமானிய இழுவை ஊர்திகள் ஆறு ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டன. அக்கோபுரத்தை முதல் வண்டியின் உடலோடு சேர்த்து மாஸ்கோ அருகே குபிங்கா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1,000 டன் எடையில், கப்பற்பீரங்கிகளோடு வரைந்த ராட்டே என்னும் திட்டமோ தாளிலேயே நின்றது; 1943இல் படைக்கல அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பேயர் அதை நிறுத்தினார்.

இந்த இறுக்கத்திலிருந்து தப்ப இரண்டு முயற்சிகள் நடந்தன; இரண்டும் படிக்கத்தக்கவை. அமெரிக்காவின் டி-28, 86 டன் எடையைத் தாங்கப் பக்கத்துக்கு இரண்டு தடங்களைப் பெற்றது. இருப்புப்பாதையில் ஏற்றும்போது வெளித்தடங்களைக் கழற்றி ஒன்றாகப் பிணைத்து, வண்டியே அவற்றைப் பின்னால் இழுத்துச் செல்லலாம். கட்டியவை இரண்டே, ஒன்று 1974இல் வர்ஜீனியாவில் கைவிடப்பட்ட நிலையில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. சோவியத்து ஒன்றியம் 1959இல் செய்த 279ஆம் எண் வண்டி, அடிப்பாகம் முழுவதையும் நான்கு தடங்களால் நிரப்பி, 60 டன் எடையிலும் மென்மண்ணில் ஓடியது. எனினும் பழுதுபார்ப்பு கடினம். சிறிது காலத்தில் 37 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளே வேண்டா என்று சோவியத்துத் தலைவர் குருச்சேவ் முடிவெடுக்க, அதுவும் அருங்காட்சியகம் சேர்ந்தது.

பின்வந்த வடிவமைப்பாளர்கள் வேறு வழி கண்டனர். கவசத்தைத் தடிப்பாக்குவதை விட்டு, கவசம் போர்த்த வேண்டிய உள்ளிடத்தைச் சுருக்கினர். ஐக்கிய அரபு அமீரகம் 1993இல் பிரான்சிடம் 388 லெக்லர்க் வண்டிகளும் 46 மீட்பு வண்டிகளும் கேட்டபோது பெற்றது இத்தகைய வடிவமைப்பையே. குண்டேற்றும் வேலையைப் பொறியே செய்வதால் உள்ளே மூவர் போதும். நான்காமவருக்கான இடமும் அதன் கவசமும் மிஞ்சுகின்றன. பாலைவெப்பத்துக்கேற்ப 1,500 குதிரைத்திறன் கொண்ட செருமானிய எம்டியூ பொறியும் பொருத்தப்பட்டது. இதே நாடு 2013இல் அபுதாபிப் படைக்கலக் கண்காட்சியில் ஜொபாரியா என்னும் பேருருவையும் காட்டியது. 240 எறிகணைக் குழாய்கள் ஒரே இழுவை வண்டியில் அமைந்தது அது. தூரத்திலிருந்து எறிவதால் அதற்குத் தடித்த கவசம் வேண்டியதில்லை; உருவில் பெரிதாயினும் முன்னணியில் மண்ணோடு போராடும் கடமை அதற்கு இல்லை.

ராஸ் அல் கைமாவின் தொழிற்பேட்டைகளில் இன்று நடப்பதும் இதே கணக்கின் மறுபக்கம்தான். ஸ்ட்ரெயிட் குழுமமும், இந்தியாவின் மகிந்திரா குழுமத்தைச் சேர்ந்த எமிரேட்ஸ் கவச ஊர்தி நிறுவனமும் இங்கே இயங்குகின்றன. பயணிகளுக்கான வலிய ஊர்திகளின் கதவு, தரை, கூரை ஆகியவற்றுள் குண்டுதாங்கு எஃகைப் பதிக்கும்போது ஒவ்வொரு மில்லிமீட்டரும் எண்ணி வைக்கப்படுகிறது. தடிமன் சற்றே கூடினாலும் வில்தகடும் தடையும் சக்கரமும் மாற்றப்பட வேண்டும்.

நம் ஆவடிக்கு வருவோம். 1965இல் விஜயந்தா பீரங்கி வண்டிகளுள் முதலாவது வெளிவந்த கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அர்ஜுனை உருவாக்கிய போர் ஊர்தி ஆய்வகமும் அங்கே உள்ளன. 1974இல் ஒப்புதல் பெற்ற அர்ஜுன் திட்டம், 58.5 டன்னில் முதல் வகையாக முதிர்ந்து, வெடிமருந்துக் கவசமும் கண்ணிவெடி உழவியும் சேர்ந்ததும் 68 டன் மார்க் 1ஏ ஆனது. அதன் பீரங்கியும் ஓட்டமும் பாலையில் நன்கு மெய்ப்பிக்கப்பட்டவை. தமிழகத்து மண்ணில் பிறந்த இவ்வண்டியைப் பெருமிதத்தோடு சொல்வேன். ஆயினும் உள்ளே நால்வர், அவர்களைச் சுற்றிக் கவசம், அதன்மேல் கூடுதல் கருவி என்று எடை ஏறிய வழி, மவுசின் வழியே. பஞ்சாபின் கால்வாய்களும் அவற்றின் பாலங்களும் 68 டன்னை நினைத்துக் கட்டப்பட்டவையல்ல. 118 வண்டிகளுக்கான ஆணை 2021 செப்டம்பரில் வந்தது. அதற்குமேல் பெருக்கும் ஆணை வரவில்லை.

இமயத்தில் சீனாவுடன் 2020இல் நேர்ந்த மோதலுக்குப் பின், அதே ஆவடி ஆய்வகம் எல்&டி நிறுவனத்தோடு சேர்ந்து 25 டன் சொராவர் வண்டியை உருவாக்கி, 2024 ஜூலையில் அசீராவில் காட்டியது. வானூர்தியில் ஏற்றி உயர்மலைக்குக் கொண்டுசெல்லும் எண்ணத்தில் எடைவரம்பை முதலில் குறித்துக்கொண்டே அதை வரைந்தார்கள். பழைய டி-72 பீரங்கி வண்டிகளுக்கு மாற்றாக 1,770 புதிய போர் ஊர்திகள் வேண்டும் என்று படை கேட்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் முதல் ஒப்புதலும் கிடைத்துள்ளது. அவற்றின் முதல் வரைபடத்திலேயே பீரங்கியின் விட்டத்துக்கும் கவசத்தின் தடிமனுக்கும் முன்னதாகப் பாலத்தின் வலிமையும் இருப்புப்பாதையின் அகலமும் மண்ணின் தாங்குதிறனும் எழுதப்பட வேண்டும். ஆவடிப் பொறியாளர்கள் அதைச் செய்ய வல்லவர்கள். எடை ஏற்றும் கூடுதல் கோரிக்கைகளைப் படைத்துறை இடைநடுவில் அடுக்காமல் இருந்தால் போதும்.