‘ஒரு தூக்கம் போட்டா சரியாயிரும்!’ - துப்பாக்கிச் சத்தமும் நம் காதுகளும்

விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். கோவில்பட்டியில் கல்லூரி படிக்கும் உறவுக்காரப் பெண், என்.சி.சி. முகாம் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். முதல்முறையாகத் துப்பாக்கி சுட்டுவிட்டு வந்த பிள்ளை. எத்தனை குண்டு குறியில் பட்டது என்று வீடே சூழ்ந்துகொண்டு கேட்டது. அவளும் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிச் சுட்டுக் காட்டினாள்.

ராத்திரி படுக்கும்போதுதான் மெதுவாகச் சொன்னாள்: “ஆச்சி, காதுக்குள்ள கொய்யின்னு இரையுது.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு தூக்கம் போட்டா சரியாயிரும். ஒங்க தாத்தாவுக்கும் காட்டுக்குப் போயிட்டு வந்தா அப்படித்தான் இரையும். காலையில நின்னுரும்” என்றார் ஆச்சி.

தாத்தா திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் பயிர்க்காவலுக்கு உரிமம் வாங்கி நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர். இப்போது அவரைக் கூப்பிட வேண்டுமானால் தோளைத் தொட வேண்டும். தன்னைப் பற்றி நடந்த இந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை.

இரைச்சல் காலையில் நின்றது உண்மைதான். ஆனால் காது சரியாகவில்லை. இந்த இரண்டும் ஒன்றென்று நினைப்பதில்தான் பலருடைய காது போகிறது.

கரிசலில் யார் சுடுகிறார்கள்?

நம் பக்கம் வேட்டை என்றாலே அந்தக் காலத்தில் நாய்தான். கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்துக் கன்னி நாயும், சிப்பிப்பாறை நாயும் முயலை விரட்டியே பேர் வாங்கியவை. 1972-ம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைக்கு இடமில்லை.

ஆனாலும் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்துவிடவில்லை. பள்ளி, கல்லூரி என்.சி.சி. பிள்ளைகள் .22 ரைபிளில் சுடுகிறார்கள். காவலர் தேர்வில் வென்றவர்களுக்குப் பயிற்சியிலேயே துப்பாக்கி வந்துவிடுகிறது. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் சுட்டதைப் பார்த்து, மதுரை, கோவை, சென்னை ரைபிள் கிளப்புகளில் சேரத் துடிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இன்னொன்று காட்டுப்பன்றி. புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரம் பார்த்துக் கூட்டமாக இறங்குகிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட அனுமதித்தது. ஆனால் சுட வேண்டியது வனத்துறையினர்தான். விவசாயி துப்பாக்கியைத் தூக்க முடியாது. அதனால் காவலுக்குப் படுப்பவர்கள் கையில் இருப்பது வெடி. நள்ளிரவில் கைக்கெட்டும் தூரத்தில் பற்றவைத்து வீசுகிறார்கள். காதைப் பொறுத்தவரை வெடியும் துப்பாக்கியும் ஒரே ஜாதிதான்.

ஒரே ஒரு வெடி என்ன செய்துவிடும்?

சத்தத்தை டெசிபலில் அளக்கிறோம். இது முழம் போட்டு அளக்கும் கணக்கு அல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு கூடும்; 20 கூடினால் 100 மடங்கு.

நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. பஞ்சாலைகளின் ஸ்பின்னிங் பகுதியில் வருடக்கணக்கில் நின்றவர்கள் வீட்டிலும் உரக்கப் பேசுவது ஏன் என்று இப்போது புரியும். அது மெதுவாக அரிக்கும் சத்தம்.

துப்பாக்கி அப்படி இல்லை. ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் அடித்து முடித்துவிடும். இத்தகைய வெடிச்சத்தத்துக்கு 140 டெசிபல்தான் உச்ச வரம்பு. .22 ரைபிளே சுடுபவர் காதருகில் சுமார் 140-ஐத் தொடும். 12 போர் துப்பாக்கியும், படையினரின் ரைபிள்களும் 150-ஐத் தாண்டும்.

பட்டாசுக்கும் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். தூரம் பாதியாகக் குறைந்தால் 6 டெசிபல் கூடும். அப்படியென்றால் ஒரு மீட்டர் தூரத்தில், அனுமதிக்கப்பட்ட வெடியே 137-ஐ எட்டும். காட்டுக்கென்று கட்டும் கனத்த வெடிகளைச் சொல்லவே வேண்டாம்.

காதுக்குள் நத்தை ஓடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச்செல்கள். ஒலியை நரம்புக்கு மாற்றித் தருபவை இவைதாம். பெரும் வெடிச்சத்தம் இவற்றைக் காற்றில் சாய்ந்த சோளத்தட்டை மாதிரி மடக்கிப் போடும். சில எழுந்து நிற்கும். சில செத்துப்போகும். கோழிக்குக்கூட இந்தச் செல்கள் மறுபடி முளைக்கின்றன; மனிதனுக்கு முளைப்பதில்லை. போனது போனதுதான். மருந்து, மாத்திரை, அறுவை சிகிச்சை எதுவும் அதைத் திருப்பித் தராது.

முதலில் போவது மெல்லிய, கீச்சொலிகள். அதனால் “எனக்குக் காது நல்லாத்தானே கேக்குது” என்றே தோன்றும். பிறகு ‘பட்டு’, ‘தட்டு’, ‘கட்டு’ மூன்றும் ஒன்றுபோல் கேட்கும். பேத்தி பேசுவது சத்தமாகக் கேட்கும், சொல் புரியாது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் சிரித்துத் தலையாட்டிச் சமாளிப்பார்கள். வலது கைப்பழக்கக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது காதுதான் அதிகம் பாதிக்கும். துப்பாக்கியைத் தோளில் அணைக்கும்போது குழல்முனைக்கு நேராக இருப்பது அந்தக் காதுதான்.

எதை வாங்குவது?

*இயர் பிளக்:* காதுக்குள் செருகும் மெத்தென்ற நுரைக்கட்டை. ஜோடி பத்து, இருபது ரூபாய்க்கே கிடைக்கும். சரியாகச் செருகினால் விலை உயர்ந்த பல கருவிகளுக்குச் சமமாக வேலை செய்யும். சரியாகச் செருகாவிட்டால் பத்து ரூபாயும் வீண்.

*இயர் மஃப்:* ஹெட்போன் மாதிரி காதை முழுதாக மூடுவது. நேரம் பிடிக்காது, யாரும் எளிதாக மாட்டலாம். சுடும் வரிசைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது ஏற்றது. நம் ஊர் வெயிலில் வியர்க்கும். மெத்தை வளையம் காய்ந்து வெடிக்கும். விரிசல் விட்ட வளையத்தை மாற்றாமல் மாட்டிக்கொள்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல.

*எலெக்ட்ரானிக் மஃப்:* உள்ளே மைக் இருக்கும். பேச்சையும் கட்டளையையும் கேட்கவிட்டு, வெடிச்சத்தம் வந்ததும் அடைத்துக்கொள்ளும். விலை ஆயிரக்கணக்கில். பயிற்சி தருபவர்களுக்கும், இருட்டில் சுற்றும் சத்தங்களையும் கேட்க வேண்டிய வனத்துறையினருக்கும் நல்லது. ஆனால் ஒலி வாங்கும் கருவி வைத்த காதுக்காப்பைச் சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் விதிகள் போட்டியாளர்களுக்கு அனுமதிப்பதில்லை. போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு வாங்கும் முன் பயிற்சியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

*இரண்டும் சேர்த்து:* .22-வுக்கு நன்றாகப் பொருந்திய ஒன்று போதும். 12 போர், பெரிய ரைபிள், மூடிய ரேஞ்ச் என்றால் பிளக்கைச் செருகி அதன்மேல் மஃப் மாட்டுங்கள். சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பி அடிப்பதால், மூடிய இடத்தில் பாதிப்பு அதிகம்.

அட்டையில் இருக்கும் எண்

பொட்டலத்தில் என்.ஆர்.ஆர். அல்லது எஸ்.என்.ஆர். என்று ஓர் எண் இருக்கும். முன்னது அமெரிக்க அளவு, பின்னது ஐரோப்பிய அளவு. இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. இந்தியத் தரம் ஐ.எஸ். 9167. எண்ணே போடாத பொருளை வாங்கவே வேண்டாம்.

என்.ஆர்.ஆர். 29 என்றால் 29 டெசிபல் குறையும் என்று நம்பிவிடாதீர்கள். அது ஆய்வுக்கூடத்தில், தெரிந்தவர்கள் பொருத்தியபோது கிடைத்த அளவு. அந்த எண்ணில் 7-ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்குவது தொழிற்சாலைகளில் உள்ள எச்சரிக்கைக் கணக்கு. 29-க்கு 11 வரும். மேலே மஃப் மாட்டினால் இன்னும் 5 சேர்த்துக்கொள்ளலாம். இரண்டையும் முழுதாகக் கூட்டக் கூடாது. ஏனோதானோவென்று பொருத்துபவரையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. கவனமாகப் பொருத்தினால் இதைவிட நன்றாகவே குறையும்.

செருகுவதிலும் ஒரு பக்குவம்

கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். பிளக்கை விரல்களுக்கிடையே திரிபோல மெல்லியதாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். காதுத் துளை நேராகும். உடனே உள்ளே செருகி, விரித்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது பேசிப் பாருங்கள்; பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல உங்கள் குரல் கேட்டால் சரி. கண்ணாடியில் பார்க்கும்போது பாதிக் கட்டை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

மஃப் மாட்டும் பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. ஜிமிக்கி, மாட்டல், பெரிய தோடு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குங்கள். தொப்பி, துணி எதுவும் வளையத்துக்கு அடியில் இருக்கக் கூடாது. மூக்குக்கண்ணாடியின் காது வளைவே சத்தம் நுழையச் சந்து விடும். கண்ணாடி போடுபவர்கள் உள்ளே பிளக்கையும் செருகிக்கொள்வது நல்லது.

காதில் சீழ் வடிபவர்கள் பிளக் செருகக் கூடாது. மஃப் மட்டும் போதும். அப்புறம், தீப்பெட்டி ஊர்க்காரர்களான நமக்கு ஒரு பழக்கம் உண்டு. தீக்குச்சியால் காது குடைவது. அழுக்கு உள்ளே போய் அடைத்துக்கொள்ளும், செவிப்பறையும் கிழியலாம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இவை காதுக்காப்பு அல்ல

பஞ்சு வைத்தால் சத்தம் பெயருக்குத்தான் குறையும். கைக்குட்டை, தலைப்பாகை, பாட்டுக் கேட்கும் ப்ளூடூத் இயர்போன் எதுவும் உதவாது. விரலால் பொத்துவது சும்மா இருப்பதைவிட மேல். ஆனால் துப்பாக்கி பிடிப்பவருக்குக் கை ஏது?

பி.வி.சி. குழாயில் கார்பைடு போட்டு வெடிக்கும் துப்பாக்கி பக்கமே போகாதீர்கள். 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் அதில் விளையாடிய பிள்ளைகள் பலர் கண்ணைப் பறிகொடுத்தார்கள். அதற்குக் காதுக்காப்பு போட்டுப் பயனில்லை.

இரைச்சல் வந்துவிட்டால்?

வெடிச்சத்தத்துக்குப் பிறகு காது அடைத்தாலோ, இரைந்தாலோ, அதுவே காயம். அடுத்த சத்தத்திலிருந்து உடனே விலகுங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அது கேடு. ரத்தம், தலைச்சுற்றல், கடும் வலி, கேட்கும் திறன் குறைவு இருந்தால் அன்றே காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வெறும் இரைச்சல் என்றாலும் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்திலேயே தொடங்கும் சிகிச்சைக்குத்தான் ஓரளவு பலன் உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான பிரிவு இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் முகாம் பட்டியலில் பூட்ஸ், பெல்ட் எல்லாம் இருக்கும். இயர் பிளக் இல்லாமல் போகலாம். இரண்டு ஜோடி வாங்கிப் பையில் போட்டு அனுப்புங்கள். தான் சுடும்போது மட்டுமல்ல, பக்கத்து வரிசை சுடும்போதும் கழற்றக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். கட்டளை கேட்காதே என்று பயந்தால், கை சைகையை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அந்தப் பெண் அடுத்த முகாமுக்குப் பிளக்கோடு போனாள். திரும்பி வந்த அன்று ராத்திரி, “காது இரையுதாட்டீ?” என்று ஆச்சி மறக்காமல் கேட்டார்.

“இல்ல ஆச்சி” என்றாள். பிறகு திண்ணைக்குப் போய், தாத்தாவின் தோளைத் தொட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி அதையே அவருக்கும் சொன்னாள்.