பொங்கல் பந்திக்குச் சர்க்கரைவள்ளி: வாங்கும் முறையும் வேகவைக்கும் பக்குவமும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் கடை வாசலில் கேட்கப்படும் முதல் கேள்வி வெல்லம் என்ன விலை என்பது. இரண்டாவது கேள்வி, "கிழங்கு எப்போ வரும்?" திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் கூட்டு வைக்கும் வீடுகளில் சர்க்கரைவள்ளி இல்லாமல் ஏழு கணக்கு முடிவதில்லை. அடுத்து பொங்கல். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இதையே சீனிக்கிழங்கு என்பார்கள். அங்கே சிறுகிழங்கு, சேனை, பனங்கிழங்கு இவற்றோடு அதுவும் பொங்கல் படையலில் இருந்தாக வேண்டும். மற்ற நாட்களில் ஒரு கூடை விற்கவே திணறும் இந்தச் சரக்கு, போகிக்கு முந்திய மூன்று நாட்களில் மூட்டை மூட்டையாகப் போகிறது. அந்த அவசரத்தில்தான் நாம் ஏமாறுகிறோம், வாடிக்கையாளரையும் ஏமாற்றிவிடுகிறோம்.

இதை அனுபவத்தில் பட்டுத்தான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் போகியன்று காலை கடையில் கிழங்கு தீர்ந்துபோய்விட்டது. வழக்கமாக வாங்காத ஒரு மண்டியில் இரண்டு மூட்டை எடுத்து வந்தேன். மேலாக இருந்த கிழங்கெல்லாம் நல்ல திரட்சி, நல்ல சிவப்பு. அவிழ்த்துக் கொட்டிப் பார்க்க நேரமில்லை. மறுநாள் பொங்கலன்று மதியம், கடையைப் பாதி சாத்தியிருந்த நேரத்தில், பதினைந்து வருடமாக மாதப் பலசரக்கு வாங்கும் ஒரு அம்மா தூக்குவாளியோடு வந்து நின்றார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க, இதை ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க" என்றார். பொங்கல் குழம்பு. நாக்கில் பட்டதும் வேப்பங்காய் போலக் கசப்பு. பன்னிரண்டு பேருக்கு வைத்த குழம்பு. புதுச் சம்பந்தி வீட்டார் இலை போட்டு உட்கார்ந்த பிறகு தெரிந்திருக்கிறது. கிழங்கின் காசை எடுத்து நீட்டினேன். "காசு எதுக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த மாதம் அவர் வீட்டுச் சிட்டை என் கடைக்கு வரவில்லை. நாற்பது ரூபாய்க் கிழங்கில் போனது மாதாமாதம் வந்த ஒரு குடும்பத்தின் கணக்கு.

கசப்பு எங்கிருந்து வருகிறது என்று அதற்குப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். காரணம் கூன்வண்டு. எறும்பைப் போல ஒல்லியாக, கருநீல உடம்பும் செம்மண் நிறக் கழுத்தும் உள்ள சிறு வண்டு இது. நிலம் காய்ந்து வெடிக்கும்போது வெடிப்பு வழியாக இறங்கிக் கிழங்கில் முட்டையிடுகிறது. புழு உள்ளே குடைந்துகொண்டே போகிறது. புழு தின்ற இடத்தோடு விஷயம் முடிந்துவிட்டால் வெட்டி எறிந்துவிடலாம். ஆனால் குடையப்பட்ட கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கசப்புப் பொருளை உண்டாக்குகிறது. சேதம் கொஞ்சமாக இருந்தாலும் கசப்பு வந்துவிடும், வேகவைத்தாலும் போகாது. ஒரு கிழங்கு போதும், ஒரு அண்டா குழம்பைக் கெடுக்க.

ஆகவே கொள்முதல் செய்யும்போது மூட்டையின் வாயை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் நாலைந்து கிழங்கை எடுத்துக் காம்புப் பக்கத்தைப் பாருங்கள். குண்டூசி குத்தியது போன்ற துளைகள் இருந்தால் அந்த மூட்டை வேண்டாம். சந்தேகமானால் இரண்டு கிழங்கை நறுக்கிப் பார்ப்பதில் வெட்கமில்லை. நல்ல கிழங்கில் நறுக்கிய இடத்தில் பால் வடியும், சதை ஒரே நிறமாக இருக்கும். கறுப்புக் கோடுகளும், பொடிப் பொடியான எச்சமும், மருந்து வாடை போன்ற ஒரு வாடையும் வந்தால் வண்டு விழுந்த சரக்கு. கூடிய மட்டும் நடுத்தர அளவுக் கிழங்காக எடுங்கள். பெரிய கிழங்கு கண்ணுக்கு அழகு, ஆனால் சிலவற்றில் நார் ஓடியிருக்கும். அரைக் கிலோ கேட்கும் வீட்டுக்கு ஒரே கிழங்கை நிறுத்துக் கொடுக்கவும் முடியாது.

விலை போடும்போது பலரும் சேதாரத்தை மறந்துவிடுகிறார்கள். கணக்குக்காக கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டை 1,500 ரூபாய். கூலியும் வண்டி வாடகையும் 100 ரூபாய். மண், பிஞ்சு, முறிந்தது, அடிபட்டது, காய்ந்து குறைவது எல்லாம் சேர்த்து 6 கிலோ போனால் விற்பதற்கு 44 கிலோதான் மிஞ்சும். அப்போது அடக்கமே கிலோவுக்கு 36 ரூபாய் 36 காசு. பக்கத்துக் கடைக்காரர் 35 என்று எழுதிப் போட்டிருக்கிறாரே என்று நாமும் எழுதினால் கைக்காசு போட்டு விற்கிறோம் என்று பொருள். பச்சைக் கிழங்குக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சாயம் பூசிய சரக்கு

சிவப்புத் தோல் கிழங்குக்குத்தான் கிராக்கி என்பதால், வெளிறிப்போன கிழங்கில் சாயம் ஏற்றும் வேலையும் நடப்பதுண்டு. இதற்குப் பயன்படும் ரோடமின்-பி துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம். உணவில் சேர்க்க அனுமதி இல்லாதது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் கலர் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததே, அதற்குக் காரணமான அதே சாயம்தான். சோதனை மிகவும் எளிது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிக் கொடுத்திருக்கும் முறை: ஒரு பஞ்சைத் தண்ணீரிலும் இன்னொரு பஞ்சைச் சமையல் எண்ணெயிலும் நனைத்துக் கிழங்கின் தோலில் தனித்தனியாகத் தேய்க்க வேண்டும். பஞ்சில் சிவப்பு அல்லது ஊதா நிறம் ஏறினால் சாயம். மண்டியிலேயே, காசு கொடுக்கும் முன்பே, இதைச் செய்து பார்த்துவிடலாம்.

2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கெட்ட சரக்கை யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளரும் பொறுப்பாளிதான். பொங்கல் நெரிசலில் துண்டுச் சீட்டைக்கூட வாங்காமல் மூட்டையை ஏற்றி வருகிறோம். சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இருப்பு வைக்கும் விதம்

கிழங்கைக் கழுவி அடுக்கினால் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஈரம் பட்ட கிழங்கு இரண்டொரு நாளில் பூசணம் பிடித்துக் கொழகொழத்துப் புளித்த வாடை அடிக்கும். மண்ணை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். காற்றோட்டமான நிழலில், சணல் சாக்கின் மேல் பரப்பி வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் வேண்டாம். மிக முக்கியமாக, குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள். வெப்பமண்டலப் பயிரான இது 12 டிகிரிக்குக் கீழ்க் குளிரைத் தாங்காது. வெளியே நன்றாகத் தெரியும். எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் கட்டையாகவே நிற்கும். வாங்கிப் போகும் தாய்மார்களுக்கும் இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது நல்லது. வீட்டில் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு "உங்க கிழங்கு வேகவே இல்லை" என்று நம்மிடம்தான் வருவார்கள்.

அடுப்படிப் பக்குவம்

மளிகைக்காரனுக்குச் சமையல் குறிப்பு எதற்கு என்று கேட்கலாம். கிழங்கு வாங்குகிறவர் அதோடு வெல்லம், தேங்காய், ஏலக்காய், நெய், மொச்சை, புளி எல்லாம் வாங்குகிறார். என்ன செய்யலாம் என்று கேட்டு, நாம் விழித்தால் கிழங்கோடு போய்விடுவார். பக்குவத்தைச் சொன்னால் பை நிறையும்.

முதலில் வேகவைப்பது. இன்று எல்லோர் வீட்டிலும் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டு இறக்குகிறார்கள். கிழங்கு குழைகிறது, ஆனால் இனிப்பு மட்டு. சர்க்கரைவள்ளியில் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் ஒரு நொதி கிழங்கிலேயே இருக்கிறது. அது நன்றாக வேலை செய்வது ஏறக்குறைய 60 டிகிரியிலிருந்து 75 டிகிரி சூட்டில். குக்கர் அந்தச் சூட்டை ஒரே தாவலில் தாண்டிவிடுகிறது. தோலோடு முழுக் கிழங்கைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, மிதமான தீயில் முக்கால் மணி நேரம் வரை மெல்ல வேகவிட்டால் அதே கிழங்கு தேனாக இருக்கும். நம் பாட்டிமார் தணலில் புதைத்துச் சுட்டதன் ருசிக்கும் இதுதான் ரகசியம். நறுக்கி வேகவைப்பதானால் நறுக்கிய துண்டுகளை உடனே தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும்.

பொங்கல் குழம்பு பன்னிரண்டு பேருக்கு என்றால் துவரம்பருப்பு 300 கிராம், சர்க்கரைவள்ளி அரைக் கிலோ, பரங்கிக்காய் அரைக் கிலோ, உரித்த பச்சை மொச்சை, அவரை, கத்தரிக்காய், சேனை இவை கால் கால் கிலோ, வாழைக்காய் இரண்டு, புளி 75 கிராம், ஒரு தேங்காய். எல்லாக் காயையும் ஒன்றாகப் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மொச்சையும் சேனையும் முதலில் தனியாக வேக வேண்டும். வாழைக்காயும் அவரையும் கத்தரிக்காயும் பிறகு. சர்க்கரைவள்ளியைப் பெரிய துண்டாக நறுக்கி, புளித்தண்ணீர் ஊற்றிக் கொதி வந்தபின் பரங்கியோடு போட வேண்டும். புளிப்பில் வேகும் கிழங்கு சீக்கிரம் கரையாது, துண்டு துண்டாக நிற்கும். குழம்புப் பொடியும் வெந்த பருப்பும் சேர்ந்து கொதித்ததும் அரைத்த தேங்காயை விட்டு, ஒரு கொதியில் இறக்கித் தாளிக்கலாம். கிழங்கை நறுக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். என் கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் நிறுப்பதில்லை.

இனிப்புக்குப் பாகு கிழங்கு. ஒரு கிலோ கிழங்கைத் தோலோடு வேகவைத்து உரித்து வட்டமாக நறுக்கிக்கொள்ள வேண்டும். 300 கிராம் வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டிக் கொதிக்கவைத்து, கையில் பிசுபிசுக்கும் பதம் வந்ததும் துண்டுகளைப் போட்டு மெதுவாகப் புரட்டி, அரைமூடித் தேங்காய்த் துருவல், ஆறு ஏலக்காய், இரண்டு கரண்டி நெய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் முடிந்தது. பச்சைக் கிழங்கை வெல்லத்தில் போட்டு வேகவைக்கப் பார்த்தால் கல்லாகிவிடும். பண்டிகை முடிந்து மிஞ்சும் கிழங்கை மசித்து, எடையில் பாதி வெல்லம் சேர்த்துச் சுருளக் கிளறினால் போளிக்குப் பூரணம் தயார். கடலைப்பருப்புப் பூரணத்தைவிட வேலை குறைவு.

சர்க்கரை நோய் உள்ளவர்களும் கேட்பார்கள். சுட்ட கிழங்கைவிட வேகவைத்தது இரத்தச் சர்க்கரையை நிதானமாக ஏற்றும் என்பது வரை நாம் சொல்லலாம். அளவை அவர்களுடைய வைத்தியர் சொல்லட்டும்.

மஞ்சள் சதையும் ஊதாச் சதையும் உள்ள புது ரகங்கள் இப்போது பெரிய ஊர்களில் தென்படுகின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பூ சோனா, பூ கிருஷ்ணா ரகங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. மஞ்சள் சதையில் வைட்டமின் ஏ சத்துக்கான பொருள் நிறைய உண்டு. ஆனால் பொங்கல் நேரத்தில் புது நிறத்தைக் காட்டினால் நம் தாய்மார்கள் தயங்குகிறார்கள். ஐந்து கிலோ மட்டும் எடுத்து, ஒரு கிழங்கை வெட்டிக் காட்டி விற்றுப் பாருங்கள்.

கழித்த கிழங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் ஒதுக்கும் அழுகலையும் வண்டு விழுந்ததையும் மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குப் போட்டால் புண்ணியம் என்று நினைத்துத் தெருவில் கொட்டுகிறோம். பூசணம் பிடித்த சர்க்கரைவள்ளி மாட்டின் நுரையீரலைத் தாக்கும். மூச்சுத் திணறி மாடு செத்தே போகும் அளவுக்குக் கொடியது. அழுகலைக் குழி தோண்டிப் புதையுங்கள், அல்லது குப்பை வண்டியில் கட்டிப் போடுங்கள். முளைவிட்ட கிழங்கு வேறு விஷயம். உருளைக்கிழங்கு முளையில் உள்ள நஞ்சு இதில் இல்லை. கொடியின் கொழுந்தைக் கீரையாகவே சமைப்பவர்கள் உண்டு. முளையைக் கிள்ளிவிட்டு விலை குறைத்து விற்கலாம்.

காணும் பொங்கலுக்குப் பிறகும் நல்ல கிழங்கு பத்துப் பதினைந்து கிலோ நின்றுவிட்டால் பதற வேண்டாம். உலர்ந்த இடத்தில் பரப்பிவைத்து இரண்டு நாளைக்கு ஒருமுறை புரட்டிக் கெட்டதை எடுத்துவிட்டால் மாசி மகா சிவராத்திரி வரை பெரும்பகுதி தாங்கும். விரதத்துக்கு வேகவைத்த சர்க்கரைவள்ளி சாப்பிடும் வடநாட்டுக் குடும்பங்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கின்றன. அவர்கள் சிவராத்திரிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து கேட்பார்கள்.