சுவரில் தங்கும் புகை

சாமளாபுரத்தில் விசைத்தறித் தொழிலாளர் குடும்பங்கள் மாறி மாறிக் குடியேறும் வாடகை வீடுகளில், புது வெள்ளையையும் மீறிச் சிகரெட் நாற்றம் வீசுவதைக் கவனித்திருக்கிறேன். ஊதுவத்தி அதை மறைக்கும், போக்காது. சுவரில் படிந்த நிகோடின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்துடன் வினைபுரிந்து புற்றுநோய்க் காரணிகளை உண்டாக்குவதை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2010-இல் காட்டியது. தரையில் தவழ்ந்து, விரல் சப்பும் குழந்தைக்கே ஆபத்து அதிகம். ஆகவே பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, கதவு, சன்னல், மின்விசிறி இறக்கைகளைச் சோப்பு நீரால் துடைத்த பிறகே வெள்ளையடிக்க வேண்டும். முந்தையவர் விட்டுச்சென்ற மெத்தையை, இலவசமென்றாலும், ஏற்க வேண்டாம்.

பொது இடங்களில் புகைபிடிப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் அமலாக்கப்பட்ட தடை வீட்டுக்குள் செல்லாது. ஆனால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை, வெள்ளையடிப்பது உரிமையாளரின் பொறுப்பு என்கிறது தமிழகத்தின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். சுரண்டலையும் துடைத்தலையும் சேர்த்துக் கேட்க, முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய நாளே உகந்தது.