சக்கரத்துக்குப் பூட்டு தேவையா?

ஜூன் மாதம் மழை இறங்கியதுமே புனேயில் ஒரு கூட்டம் சனிக்கிழமை இரவே ஜீப்புக்கு டீசல் நிரப்பிவிடுகிறது. ஞாயிறு விடிந்தால் முல்ஷி, பவனா, லோனாவ்லா பக்கம் மலையேற்றம். அங்கே ஏதாவது ஒரு மேட்டில் இந்தக் காட்சி நிச்சயம்: 15 லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டி. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தி போகிறது என்று பின்புறம் பொறித்திருக்கிறது. ஆனால் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் அந்தரத்தில் வெறுமனே சுற்றுகின்றன. தரையில் பதிந்திருக்கும் மற்ற இரண்டும் அசையக் காணோம்.

கயிறு கட்டி இழுத்து, கைதட்டி, டீ குடித்து முடித்த பிறகு உரிமையாளர் கேட்கும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான். டிஃபரன்ஷியல் லாக் போட்டுவிடலாமா?

இதைக் கேட்கப் பொருத்தமான ஊர் புனே. 2005 வரை பஜாஜ் டெம்போ என்ற பெயரில் இருந்த ஃபோர்ஸ் மோட்டார்ஸின் தலைமையகம் இங்கே ஆக்குர்டியில் இருக்கிறது. இந்த நிறுவனத்தின் கூர்க்கா வண்டியில் முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று என்று இரண்டு லாக்குகள். ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் லிவர்களைத் தூக்கினால் பூட்டிக் கொள்ளும். 2025 மார்ச்சில் ராணுவம் 2,978 கூர்க்காக்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ராணுவமே வாங்குகிறதே, நமக்கு வேண்டாமா என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது என்பதை மாட்டு வண்டியிலிருந்து தொடங்கலாம். மாட்டு வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடுகிறது, உட்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டும் அச்சில் தனித்தனியாகச் சுழல்வதால் சிக்கலில்லை. எஞ்சின் வைத்து இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டால் சுழற்றினால் தொல்லை வந்துவிடும். ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே வரவேண்டும். 1827-ல் பெக்கேர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக இதற்கு ஒரு பல்சக்கர ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். வேகம் வேறுபடலாம், திருப்பு விசை மட்டும் இரண்டு பக்கமும் சமம். இன்றைய கார்களிலும் அடிப்படை அதுதான்.

வினையே அந்தச் சமபங்கில்தான். அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தைச் சுழற்ற விசையே தேவையில்லை. அதற்கு எவ்வளவு போகிறதோ அவ்வளவுதான் தரையில் இருக்கும் கூட்டாளிக்கும். ஒன்றுக்குப் பூஜ்யம் என்றால் மற்றதற்கும் பூஜ்யம். (சுழலும் சக்கரம் எல்லா விசையையும் திருடிக்கொள்கிறது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. இரண்டுமே பட்டினி.) லாக் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே தண்டாகிவிடும். அந்தரத்தில் இருப்பது எப்படிப் போனாலும் தரையில் இருப்பது வண்டியைத் தள்ளியே தீரும்.

டெல்டா விவசாயிக்கு இதெல்லாம் பழைய சங்கதி. அவருடைய டிராக்டரில் காலடியில் ஒரு பெடல் உண்டு. சேற்று வயலில் ஒரு பக்கச் சக்கரம் வழுக்கினால் அதை மிதிப்பார். வரப்பருகே திரும்புவதற்கு முன் காலை எடுத்துவிடுவார். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது மிதித்தால் பல் உடையும் என்பதும் அவருக்குத் தெரியும். பல லட்சம் கொடுத்து ஜீப் வாங்குகிறவர்கள் பலருக்குத் தெரியாதது இந்தக் கடைசி விஷயம்தான்.

லாக் இல்லாமலே காலம் தள்ளிய வண்டிகளும் கொஞ்சநஞ்சமல்ல. 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியில் லாக் கிடையாது. இருந்தும் 1990-களின் தொடக்கத்திலிருந்து ராணுவத்துக்காக மலையிலும் மணலிலும் உழைத்தது. எடை ஒரு டன்னை ஒட்டித்தான் என்பது அதன் ரகசியம். சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று புரியும். பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் பெரும்பாலும் பழைய மஹிந்திராக்கள்தான் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தினமும் போய்வருகின்றன. எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைத்தால் மற்றது எழும்பாது என்பது டிரைவருக்கு மனப்பாடம்.

இப்போது வேறு வழிகளும் வந்துவிட்டன. 2023-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஜிம்னியில் இயந்திரப் பூட்டு இல்லை. வீணாகச் சுற்றும் சக்கரத்தை கம்ப்யூட்டர் பிரேக் போட்டுப் பிடிக்கிறது. பிடிப்பதற்கு விசை தேவைப்படுகிறது அல்லவா, அதே அளவு எதிர்ப்பக்கத்துக்கும் போய்விடுகிறது. கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் சக்கரம் முதலில் வழுக்கினால்தான் பிரேக் விழித்துக்கொள்ளும். வண்டி குலுங்கிக் குலுங்கி ஏறும். நீண்ட ஏற்றத்தில் பிரேக் சூடாகும். மஹிந்திரா தார் வண்டியின் சில வகைகளில் பின் அச்சில் தானியங்கிப் பூட்டு உண்டு. இரு சக்கரங்களின் சுழற்சியில் பெரிய வித்தியாசம் வந்தால் தானாகப் பூட்டிக் கொள்ளும். சாலை வேகத்தில் வேலை செய்யாது. எப்போது பூட்ட வேண்டும் என்று தெரியாதவருக்கு இதுவே பாதுகாப்பு.

சரி, சஹ்யாத்ரி மலைத்தரைக்கு எது பொருந்தும்? புனேக்கு மேற்கே இரண்டு வகைத் தரை. ஒன்று எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறை, படிப்படியாக உடைந்து கிடக்கும். சக்கரங்கள் குறுக்கும் நெடுக்குமாக எழும்புவது இங்கேதான், லாக்குக்கு மரியாதையும் இங்கேதான். இன்னொன்று மழையில் ஊதிக் களியாகும் கரிசல். டயரின் கட்டைகளுக்கு இடையே அது அப்பிக்கொண்டால் நான்கு சக்கரங்களும் வழவழப்பான உருளைகள்தான். அப்போது லாக் போட்டால் இரண்டுக்குப் பதில் நான்கும் சேர்ந்து சுற்றும்; வண்டி வயிறு மண்ணில் படியும்வரை குழி தோண்டும். இங்கே உதவுவது மண் டயரும், காற்றைக் குறைக்கும் பழக்கமும்தான். 30 பவுண்டுக்கு மேல் இருக்கும் காற்றை 18 அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று பதியும். செலவில்லாத இந்த வித்தையைச் செய்யாமல் லாக்கர் விலை விசாரிப்பவர்களே அதிகம். திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றடிக்க ஒரு சிறிய பம்ப் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லாக்கினால் வரும் ஆபத்துகளை விற்பவர்கள் உரக்கச் சொல்வதில்லை. முன் அச்சைப் பூட்டினால் ஸ்டீயரிங் இறுகிவிடும், வண்டி நேரே போகத்தான் பார்க்கும். கொண்டை ஊசி வளைவில் இது விளையாட்டல்ல. ஈரமான பக்கச்சரிவில் இன்னும் மோசம். பூட்டாதபோது ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது நங்கூரம்போல் பிடித்து நிற்கும். பூட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாக வழுக்கும், வண்டியின் பின்பாதி பள்ளத்தை நோக்கி நகரும். தார்ச்சாலையில் பூட்டியபடி திரும்பினால் டயர் தேய்வதோடு பல்சக்கரங்களும் முறுக்கேறும். எஞ்சினின் முழு விசையும் ஒரே பக்கத் தண்டில் விழலாம் என்பதால் பழைய ஜீப்பில் அச்சுத்தண்டு முறிவதும் உண்டு. செலவைக் குறைக்க டிஃபரன்ஷியலின் பற்களை வெல்டிங் செய்துவிடும் வழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. வயலை விட்டு நகராத வண்டிக்கு ஆகலாம். குடும்பத்தோடு சாலையில் போகும் வண்டிக்குச் செய்யவே கூடாது.

அப்படியானால் யாருக்கு வேண்டும்? வால்பாறை எஸ்டேட்டில் மழையிலும் தனியாகப் போய்வர வேண்டியவர், சிக்கினால் இழுக்க வேறு வண்டி வராத இடத்தில் வேலை செய்பவர், ராணுவம் - இவர்களுக்குப் பின் அச்சில் ஒன்று அவசியம். புது வண்டி வாங்கும்போது ஆலையிலேயே பொருத்தி வந்தால் எடுத்துக்கொள்வது லாபம். பிறகு போடுவதென்றால் இறக்குமதி லாக்கர், கம்ப்ரசர், கூலி, உத்தரவாதம் பறிபோகும் அபாயம் என்று நீளும். நாலு வண்டிகளோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் காட்டுப் பாதைக்குப் போகிறவருக்கு நல்ல டயர், இழுக்கும் பட்டை, இரண்டு நாள் பயிற்சி போதும். முன் அச்சு லாக் போட்டிப் பந்தயக்காரர் சமாச்சாரம்.

லாக்குக்குச் சாதகமாக ஒரு வாதம் உண்டு, அதிகம் பேசப்படாதது. வழுக்கிச் சுற்றும் சக்கரம் மண்ணை உரித்துப் போடும். அடுத்த மழையில் அந்தத் தடம் ஓடையாகும். பூட்டி மெதுவாக ஊர்ந்து ஏறும் வண்டி தரையை அவ்வளவு கிழிப்பதில்லை. ஆனால் இதைச் சொல்லிக்கொண்டு 2013-ல் அறிவிக்கப்பட்ட தாம்ஹினி சரணாலயத்துக்குள் பாதை விலகி நுழைந்தால் வனத்துறை கேட்டுக்கொண்டிருக்காது.

ஏற்கனவே லாக் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது மண் தரையில், நேர்கோட்டில், நடை வேகத்தில் அதைப் போட்டு எடுக்க வேண்டும். பயன்படுத்தாமல் விட்ட கேபிளும் லிவரும் துருப்பிடித்து, பூட்டாமலோ பூட்டியது திறக்காமலோ நின்றுவிடும். லிவரை இறக்கியதும் டேஷ்போர்டில் விளக்கு அணைகிறதா என்று பார்த்த பிறகே சாலையில் ஏற்ற வேண்டும்.