வயலுக்குத் தண்ணீர் தரும் காடு: கல்லோயாத் தேசியப் பூங்காவை அறிவோம்

நிந்தவூருக்கு மேற்கே பரந்து கிடக்கும் வட்டைகளில் சிறுபோக வேளாண்மை செய்பவரிடம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "வாய்க்காலால் வருகிறது" என்பார். வாய்க்காலுக்கு எங்கிருந்து வருகிறது என்றால், "இங்கினியாகலைக் குளத்திலிருந்து" என்பார். குளத்துக்கு எங்கிருந்து வருகிறது என்ற மூன்றாவது கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அதற்கான விடை, குளத்தைச் சுற்றியுள்ள மலைகளும் காடும் என்பதாகும்.

போர்க்காலத்து வன்செயல்களாலும் 2004 டிசம்பர் 26 சுனாமியாலும் இடம்பெயர்ந்த நமது கமக்காரக் குடும்பங்கள் வீட்டையும் வயலையும் மட்டும் இழக்கவில்லை. காட்டைப் பற்றிய அறிவையும் இழந்தன. முன்பு வாடியில் தங்கிக் காவல் காத்த தகப்பனிடமிருந்து பிள்ளை மரங்களின் பெயரைக் கற்றது. யானை வரும் வழியைக் கற்றது. முகாமிலும் உறவினர் வீட்டிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. அவர்களே இன்று தாயும் தகப்பனுமாகிவிட்டார்கள். ஆகவே நமது நீரின் ஊற்றாகிய இப்பூங்காவைப் பற்றிச் சில விடயங்களை இங்கே விளக்க விரும்புகிறோம்.

பூங்கா உண்டான வரலாறு

கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் குளம் கட்டும் வேலை 1949ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வாறு உண்டானதே சேனநாயக்க சமுத்திரம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடியாகும். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஓர் ஏக்கர் அடி. இதிலிருந்து குளத்தின் பெருமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பெரிய குளத்தைக் கட்டியவர்களுக்கு ஒரு கவலையும் இருந்தது. சுற்றியுள்ள காட்டை வெட்டினால் மழை மண்ணை அரித்துக்கொண்டு வந்து குளத்தை நிரப்பிவிடும் என்பதே அது. ஆகையால் நீரேந்து பகுதியைக் காப்பதற்காக 1954ஆம் ஆண்டில் கல்லோயாத் தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. இதன் பரப்பு 25,900 ஹெக்டேயர், அதாவது சுமார் 64,000 ஏக்கர். வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல, வயலுக்குப் பாயும் நீரைக் காப்பதற்காகவே இப்பூங்கா உண்டானது என்பது குறிப்பிடத்தக்கது.

இத்திட்டத்தின் வரலாறு முழுவதும் இனிமையானதன்று. ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த வேடுவர் குடும்பங்கள் குளத்துக்காகத் தமது இடங்களை விட்டுப் பெயர நேர்ந்தது. 1956 ஜூன் மாதத்தில் திட்டப் பகுதியில் தமிழருக்கு எதிரான வன்செயல்களும் நடந்தன. இடம்பெயர்வு என்றால் என்னவென்று அறிந்த நாம் இவற்றை மறக்கலாகாது. எனினும் காடு எந்த இனத்துக்கும் தனிச் சொத்தன்று. அது காத்துத் தரும் நீர் எல்லோருடைய வயலுக்கும் பாய்கிறது.

மேலே மரம், கீழே வயல்

மாரி மழையின் பெரும்பகுதி சில மாதங்களுக்குள்ளேயே பெய்துவிடுகிறது. வெறுந்தரையில் விழும் மழை மண்ணையும் கரைத்துக்கொண்டு ஒரேயடியாக ஓடிவிடும். காட்டிலோ மழைத்துளி முதலில் இலையில் விழுகிறது. பின்பு தரையில் கிடக்கும் சருகில் இறங்குகிறது. வேர்கள் துளைத்த மண்ணுக்குள் ஊறி, மெதுவாகக் கசிந்து ஓடைகளை அடைகிறது.

காடு அழிந்தால் இரண்டு தீமைகள் உண்டாகும். மழை நாளில் வெள்ளம் திடீரெனப் பெருகும். அத்துடன் மண் படியப் படியக் குளத்தின் கொள்ளளவு குறையும். ஊர்க்குளம் தூர்ந்தால் நாம் சேர்ந்து வெட்டித் துப்புரவாக்கலாம். சேனநாயக்க சமுத்திரம் தூர்ந்தால் அது நடக்கக்கூடிய காரியமன்று. குளம் குறைந்தால், வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கரையோர மக்களாகிய நாமே முதலில் பாதிக்கப்படுவோம்.

அங்கே காணும் மரங்கள்

பூங்காவின் ஒரு பகுதி அடர்ந்த காடு. மற்றொரு பகுதி இலுக்கும் மானாப்புல்லும் வளர்ந்த புல்வெளி. அதில் மரங்கள் இடைவிட்டு நிற்கும். இப்புல்வெளியில் காணப்படும் மூன்று மரங்கள் நமக்கு மிகவும் பழக்கமானவை: கடுக்காய், தான்றி, நெல்லி. இவை மூன்றும் சேர்ந்ததே நாட்டு வைத்தியர் கொடுக்கும் திரிபலைச் சூரணம். வரட்சிக் காலத்தில் புல் தீப்பற்றினாலும் இம்மரங்கள் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கின்றன.

ஆற்றோரங்களில் மருது நிற்கும். அதன் வேர் கரையை இறுகப் பிடித்துக்கொள்வதால் கரை இடிவதில்லை. அதன் பட்டையைச் சுட்ட சாம்பலை, சுண்ணாம்பு கிடைக்காதபோது வெற்றிலைக்குப் பயன்படுத்துவார்கள் என்பதை முதியவர்கள் அறிவார்கள்.

பாலை, வீரை, முதிரை, கருங்காலி ஆகியவை உலர் வலயக் காடுகளின் மரங்கள். பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடி மரத்தில் ஏறி உண்ணும். விளாம்பழத்தை யானை முழுதாக விழுங்கும். அதன் விதை இலத்தியோடு வேறிடத்தில் விழுந்து முளைக்கும். இவ்விதம் காட்டைப் பயிரிடும் வேலையை யானையும் செய்கிறது எனலாம்.

விலங்குகளும் பறவைகளும்

சேனநாயக்க சமுத்திரத்தில் சிறு தீவுகள் பல உண்டு. யானைகள் ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு நீந்திச் செல்வதைப் படகிலிருந்து காணலாம். மான், மரை, பன்றி, முதலை ஆகியவையும் இங்கு வாழ்கின்றன. நீர்க்காகம், கூழைக்கடா, நாரை முதலிய நீர்ப்பறவைகளும் உண்டு.

நமது மாவட்டத்தின் தெற்கே, பொத்துவில் - மொனராகலை வீதியோரத்தில், 1980இல் பிரகடனம் செய்யப்பட்ட லாகுகலைத் தேசியப் பூங்கா இருக்கிறது. இது சுமார் 3,840 ஏக்கர் கொண்ட சிறிய பூங்கா. வரட்சியில் குளத்து நீர் வற்றும்போது, "பேரு" என்று சிங்களத்தில் சொல்லப்படும் புல் வெளிப்படும். அதை உண்ண யானைகள் கூட்டமாக வரும். இதிலிருந்து நாம் அறிவது என்ன? யானைக்குப் புல்லும் நீரும் காட்டிலேயே கிடைக்குமானால் வயலுக்கு வரவேண்டிய தேவை குறைகிறது. நன்கு வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். வழி அடைபட்டு, புல்வெளி சுருங்கினால் அது நெல்லைத் தேடியே வரும்.

பள்ளக்காடு தரும் பாடம்

அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் ஒன்பது ஊர்களின் குப்பை திறந்த வெளியில் கொட்டப்பட்டது. உணவு வாசனைக்கு வந்த யானைகள் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கின. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்கு பிளாஸ்ரிக் உண்டு இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வெளியானது. குப்பையைத் தேடிப் பழகிய யானைகள் அருகிலுள்ள வீடுகளையும் வயல்களையும் நாடத் தொடங்கின. நாம் சந்தையிலிருந்து கொண்டுவரும் ஒரு பொலித்தீன் பை எங்கே போய்ச் சேருகிறது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

எல்லைகளை அறிந்துகொள்வோம்

இடம்பெயர்ந்து திரும்பும் குடும்பங்களுக்கு ஒரு முக்கியமான விடயம். தேசியப் பூங்காவும் சரணாலயமும் ஒன்றல்ல. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசியப் பூங்கா அரச காணியில் அமைவது. அனுமதிச் சீட்டுடன் பார்வையிடலாம். பயிரிடவோ வெட்டவோ முடியாது. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். கல்லோயாப் பூங்காவைச் சுற்றிச் சரணாலயங்களும் உள்ளன. நீண்ட காலம் கைவிடப்பட்ட வயலில் பற்றைக்காடு வளர்ந்துவிடும். அது காடாகத் தோன்றினாலும் உங்கள் உரிமை அதனால் மட்டும் அற்றுப்போவதில்லை. உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரிச்சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். எல்லைக் கற்கள் நடப்படும்போது கிராம உத்தியோகத்தர் மூலமாகப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் விசாரியுங்கள். வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். காட்டைக் காப்பதும் ஏழையின் காணியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

நாம் செய்யக்கூடியவை

1. மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து, பிள்ளைகளை ஒரு முறையாவது பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இங்கினியாகலையில் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் அனுமதி பெற்று, அதிகாலையில் புறப்படுவது நல்லது. மரத்தின் பெயர் தெரிந்த ஒரு முதியவரையும் கூட்டிச் செல்லுங்கள். அவர் சொல்வதைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும்.

2. பூங்காவிலிருந்து விதையோ கன்றோ எடுக்க வேண்டாம். நெல்லி, விளா, நாவல், மருது ஆகியவற்றின் கன்றுகளை நாற்றுமேடைகளில் பெற்று வளவிலும் வாய்க்கால் ஓரத்திலும் நடுங்கள்.

3. வயலில் குறுக்குத்தடி கட்டிய கம்புகளை நட்டு வையுங்கள். இரவில் ஆந்தை அதில் இருந்து எலியைப் பிடிக்கும். சாரைப்பாம்பையும் கீரியையும் கொல்லாதீர்கள். அவையும் எலி பிடிப்பவையே.

4. யானை வரும் இடங்களில் நெல் மூட்டையைப் படுக்கும் அறையில் வைக்க வேண்டாம். நெல்லையும் உப்பையும் மணந்து யானை சுவரை இடிக்கும். இருட்டிய பின்னும் விடியுமுன்னும் தனியே நடக்க வேண்டாம்.

5. வேலிக்கு வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுக்காதீர்கள். உணவுக்குள் மறைத்து வைக்கும் "ஹக்கப்பட்டாஸ்" வெடியைப் பயன்படுத்தாதீர்கள். இவை சட்டவிரோதமானவை. வேலி மின்சாரத்தால் மனிதரும் மாண்டிருக்கிறார்கள்.

6. யானையால் உயிரிழப்போ காயமோ ஏற்பட்டால் உடனே பொலிசில் முறைப்பாட்டைப் பதிந்து, நட்டஈட்டுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தில் விண்ணப்பியுங்கள்.

இக்காடு நமது கையால் உண்டானதன்று. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அது. கோயிலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் தேவாலயத்துக்குப் போகிறவரும் ஒரே வாய்க்கால் தண்ணீரில்தான் கால் கழுவுகிறோம். அடுத்த சிறுபோகத்தில் மடை திறக்கும்போது, "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா?" என்று பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்கும் விடை தெரிந்த பிள்ளையாக அது வளரட்டும்.